கட்டம் போட்ட போர்வை பின்ன எந்த நூல், எந்த ஊசி?

கட்டப் போர்வை பின்னுவதற்கென்றே 'கிட்' போட்டு விற்கிறார்கள். பெட்டி மேல் சோபாவில் படர்ந்து தொங்கும் பெரிய போர்வையின் படம் இருக்கும். உள்ளே 4 கண்டு நூல், ஒரு ஜோடி ஊசி, மடித்த தாள் ஒன்று. கண்டு ஒன்று 100 கிராம் என்றால் மொத்தம் 400 கிராம். 5 மி.மீ. ஊசிக்குரிய நடுத்தரக் கனத்து நூலில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 400 கிராம் போகும். ஓர் ஆள் காலை மூடிக்கொண்டு உட்கார ஒன்றரைச் சதுர மீட்டராவது வேண்டும். படத்தில் இருக்கும் போர்வை பெட்டிக்குள் இல்லை என்பது கடையிலேயே தெரிந்துவிடும் கணக்கு. எத்தனை கண்டு என்று எண்ணாமல், மொத்தம் எத்தனை கிராம் என்று பாருங்கள். 700 கிராமுக்குக் குறைவான கிட் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. குழந்தைத் தொட்டிலுக்கு வேண்டுமானால் சரி.

கிட்டை விட்டுவிட்டு நூல், ஊசி, குரோஷா கொக்கி மூன்றையும் தனித்தனியாக வாங்குவதே மேல். எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம், எதில் கையைச் சுருக்கலாம் என்பதை ஒரே போர்வையை அளவாக வைத்துப் பார்ப்போம். அகலம் 108 செ.மீ., நீளம் 138 செ.மீ. கரும்பச்சைத் தரையில் (அடிப்படை நிறத்தில்) இரட்டை இரட்டையாக ஓடும் கோடுகள்.

முதலில் கட்டம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் நூலை எடைபோட முடியும். தறியில் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒன்றுக்கொன்று குறுக்கே போவதால் கட்டம் தானாக விழுகிறது. பச்சைப் பாவில் சிவப்பு ஊடை போனால் அந்த இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் தெரியும். ஸ்காட்லாந்து டார்ட்டன் துணியின் அழகே அந்தக் கலப்புதான். (அங்கே 'ப்ளெய்டு' என்றால் தோளில் போடும் போர்வை, கோலத்துக்குப் பெயர் டார்ட்டன். அமெரிக்கர்கள்தான் கோலத்துக்கே ப்ளெய்டு என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள்.) கைப்பின்னலில் பாவு கிடையாது. ஒரே நூல் இடமும் வலமும் போய்வருகிறது. படுக்கைக் கோடு சுலபம். நிற்கும் கோடுதான் வம்பு. நிற்கும் கோட்டையும் ஊசியிலேயே போட நினைத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிச் சிறு கண்டு தொங்கும். 20 கோட்டுக்கு 20 கண்டு. நாலாவது வரிசையிலேயே எல்லாம் சிக்கி முறுக்கிக்கொள்ளும்.

பழைய கைக்காரர்கள் செய்கிற வழி வேறு. படுக்கைக் கோடுகளை மட்டும் பின்னிக்கொண்டு போவார்கள். நிற்கும் கோடு வரவேண்டிய இடத்தில் நல்ல பக்கத்தில் (வெளியே தெரியும் பக்கம்) ஒரே ஒரு பர்ல் கண்ணியை (முட்டு முட்டாகத் தெரியும் கண்ணி) வரிசைதோறும் விடுவார்கள். போர்வை முடிந்ததும் பார்த்தால் கீழிருந்து மேல்வரை மெல்லிய பள்ளங்கள் வாய்க்கால் மாதிரி ஓடும். அந்தப் பள்ளத்தில் குரோஷா கொக்கியால் சங்கிலித் தையல் போட்டால் நிற்கும் கோடு தயார். கட்டம் பிறப்பது கொக்கியில்தான். ஆகவே வாங்கும் நூலில் இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீழே வரும் மதிப்பீடு முழுக்க இந்த ஒரு நிபந்தனையில் நிற்கிறது.

நூல்

அட்டையில் '4 ப்ளை' என்று போட்டிருப்பதை வைத்துக் கனத்தை முடிவு செய்யாதீர்கள். எத்தனை இழை சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். இழை மெல்லியதா தடித்ததா என்று சொல்லாது. 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 180 முதல் 200 மீட்டர் இருந்தால் அது வொர்ஸ்டட் கனம், 5 மி.மீ. ஊசிக்குப் பொருந்தும். 220, 250 என்று போனால் அதைவிட மெல்லிய டி.கே., அதற்கு 4 மி.மீ. ஊசி. மீட்டர் கணக்கே போடாத கண்டு என்றால் கடையிலேயே ஓர் அடிக்கோலில் நெருக்காமல், இழுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் 9 சுற்று வந்தால் வொர்ஸ்டட், 11 வந்தால் டி.கே.

அக்ரிலிக்கைக் கேவலமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கட்டப் போர்வைக்கு அது மோசமான தேர்வு அல்ல. சாயம் போகாது, சுருங்காது, அந்துப்பூச்சி அண்டாது, வாஷிங் மெஷினில் போடலாம். நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இதைத்தான். கம்பளி இழை ஒன்றுகூட அதில் இல்லாமலிருக்கலாம். பின்னல் தெளிவாக விழும், பர்ல் பள்ளம் நன்றாகத் தெரியும். குறை என்றால் உரசல்தான். மலிவான அக்ரிலிக்கில் நூலின் முறுக்கு தளர்ச்சியாக இருக்கும். நாலு தடவை துவைத்தால் மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டையாகப் பூத்துவிடும். கடையில் சோதிக்க வழி உண்டு. நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் 50 முறை தேயுங்கள். பஞ்சு மாதிரி பிசிர் கிளம்பினால் வைத்துவிடுங்கள். 'பேபி சாஃப்ட்' என்று எழுதியிருப்பதில்தான் இந்தப் பிசிர் அதிகம். மெத்தென்று இருப்பதற்காக முறுக்கைக் குறைத்திருப்பார்கள், அந்தக் கடனை நாலு மாதத்தில் போர்வை திருப்பிக் கட்டும். இன்னொன்று: அக்ரிலிக் தீயில் உருகி ஒட்டும். ஊதுபத்தி, ஸ்டவ், ஹீட்டர் பக்கத்தில் இந்தப் போர்வை வேண்டாம்.

கம்பளி நூல், அதிலும் மெரினோ, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கை கொஞ்சம் இறுகினாலும் தளர்ந்தாலும் ஒரு அலசலில் சமமாகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு இதுதான் போர்வை. விலை அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு. வெந்நீரில் போட்டு அலசித் தேய்த்தால் நார்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சுருங்கித் தடித்த கம்பளமாகிவிடும். பிறகு எந்த வித்தையாலும் விரியாது. 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் இந்தச் சுருக்கம் வராது, ஆனால் ஈரமானதும் நெகிழ்ந்து நீளும். மாதிரித் துண்டைத் துவைக்காமல் சூப்பர்வாஷ் நூலில் இறங்கினால் 138 செ.மீ. போர்வை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெரினோவில் ஒற்றை இழை நூலைத் தவிருங்கள். மூன்று நாலு இழை சேர்த்து இறுக்கி முறுக்கியதே போர்வையின் உரசலைத் தாங்கும்.

சென்னை, மதுரை மாதிரி ஊரில் ஏ.சி. அறைக்கு மட்டும் போர்வை வேண்டுமென்றால் பருத்தி நினைவுக்கு வரும். கோடைக்கு நல்லது, குத்தாது. ஆனால் பருத்திக்கு நெகிழ்வே கிடையாது. இந்தப் போர்வையின் அகலத்துக்கு வேண்டிய 194 கண்ணியை வரிசை வரிசையாக ஓட்டும்போது மணிக்கட்டு வலிக்கும். கண்ணி ஏற்றத்தாழ்வாக விழுந்தால் அப்படியே நிற்கும், அலசினாலும் ஒளியாது. எடையும் கூடும்: இதே அளவுப் போர்வை கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தொடும், ஈரமானால் தூக்கவே முடியாது. சிவப்பு, மெரூன், கருநீலம் வாங்கினால் சாயச் சோதனை கட்டாயம். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் மடித்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். 1960களில் அமெரிக்காவில் சாயம் கசியும் 'ப்ளீடிங் மெட்ராஸ்' சட்டைக்கு ஒரு மவுசு இருந்தது. துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதையே விளம்பரமாக்கினார்கள். வெள்ளைக் கோடு போட்ட போர்வையில் அதை யாரும் ரசிக்கமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அக்ரிலிக்குக்கும் கம்பளிக்கும் நடுவில் இருப்பது: கம்பளி 20 அல்லது 25 விழுக்காடு கலந்த அக்ரிலிக். விலை கட்டுப்படி, கையில் பிடிப்பு உண்டு, துவைக்கும்போது பதற வேண்டாம்.

வெல்வெட் மாதிரி மினுங்கும் செனில் நூலை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது, பர்ல் பள்ளம் எங்கே தெரியும்? போதாக்குறைக்கு, புழங்கப் புழங்க உள்ளிருந்து வளையம் வளையமாகப் புழு மாதிரி வெளியே தலைநீட்டும். வெட்டிய முனையிலிருந்து முடி கொட்டும். கைத்தடிமனில், முறுக்கே இல்லாமல் பஞ்சுச் சுருளாக வரும் ராட்சத நூலுக்கும் இதே தீர்ப்பு. ஒரே நாளில் போர்வை முடியும், ஒரே வாரத்தில் பூத்துவிடும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை நம்பாதீர்கள். கண்டுகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். கரும்பச்சையும் மெரூனும் அழகான ஜோடி என்று தோன்றும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். அந்தக் கோடு பத்தடி தள்ளி நின்றால் காணாமல் போகும். கரும்பச்சைத் தரைக்கு ஒரு கோடு கடுகு மஞ்சள், இன்னொன்று பாலேட்டு வெள்ளை என்றால் மூன்றும் மூன்று படியில் பிரிந்து நிற்கும்.

அளவு: தரை நிறம் 600 கிராம், கோட்டு நிறம் ஒவ்வொன்றும் 100 கிராம். இவற்றில் தரைக்கு 500 கிராமுக்குச் சற்று மேலும், கோட்டுக்குத் தலா 80 கிராம் அளவிலும் போகும், மிச்சம் கையிருப்பு. எல்லாக் கண்டிலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருமுன் பார்த்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் இரண்டு லாட் வாங்க நேர்ந்தால், கோடு வரும் இடத்தில் கண்டை மாற்றுங்கள். நடுவில் மஞ்சள் கோடு ஓடுவதால் மேலும் கீழும் உள்ள பச்சை வித்தியாசம் கண்ணில் படாது. வெற்றுப் போர்வையில் இந்த வசதி கிடையாது.

ஊசி

எண் விவகாரத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கடையில் '8 நம்பர் ஊசி' என்றால் பழைய ஆங்கிலேயக் கணக்கு, அதாவது 4 மி.மீ. அமெரிக்க வீடியோவிலும் தாளிலும் 8 என்றால் 5 மி.மீ. வேடிக்கை என்னவென்றால் 6 நம்பரில் இது அப்படியே தலைகீழ்: இங்கே 6 என்றால் 5 மி.மீ., அங்கே 6 என்றால் 4 மி.மீ. அமெரிக்கத் தாளைப் பார்த்து இங்கே 8 வாங்கி வந்தால் போர்வை அட்டை மாதிரி விறைப்பாக வரும், நூலும் பற்றாது. கடையில் நம்பர் சொல்லாதீர்கள், 5 மி.மீ. என்று கேளுங்கள்.

நேர் ஊசி வேண்டாம். 35 செ.மீ. நேர் ஊசியில் 194 கண்ணியை நெருக்கி ஏற்றினாலும், பாதி போர்வை வளர்ந்ததும் அதன் எடை முழுக்க ஊசி நுனியிலிருந்து மணிக்கட்டில் தொங்கும். இரண்டு முனைகளை வளையும் கேபிள் இணைக்கும் சர்க்குலர் ஊசியில் அந்த எடை மடியில் கிடக்கும். வட்டமாகப் பின்னத்தான் சர்க்குலர் என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வரிசை முடிந்ததும் திருப்பிக்கொண்டு நேராகவே பின்னலாம். மொத்த நீளம் 100 செ.மீ. வசதி, 80 செ.மீ. ஊசியிலும் சமாளிக்கலாம்.

பட்ஜெட் தேர்வு போனி. நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில், 1949 முதல் இயங்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. (கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் 1981 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் பாடமாகவே வந்திருக்கும்.) சாம்பல் நிற அலுமினிய ஊசி, கண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும், அக்ரிலிக்குக்கு இதுதான் பொருத்தம். ஒரே ஒரு போர்வை பின்னிப் பார்க்க நினைப்பவர் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

தொடர்ந்து பின்னப் போகிறவர்களுக்கு முனை கழற்றி மாட்டும் செட். இதில் ஜெய்ப்பூரின் நிட்ப்ரோவுக்கு உலகம் முழுக்க வாடிக்கை. கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உறையில் இரண்டு நீளம் போட்டிருக்கும். 76 செ.மீ. என்பது கேபிள் மட்டும். இரண்டு முனையும் மாட்டிய பிறகு 100 செ.மீ. '80 செ.மீ.' என்று கேட்டு வாங்கினால் கையில் வருவது 56 செ.மீ. கேபிளாக இருக்கும். ஏமாற்று இல்லை, கணக்கு அப்படி. முனையைத் திருகியதும் கூடவே வரும் சிறு சாவியைத் துளையில் செருகி இன்னும் கால் சுற்று முடுக்க வேண்டும். கையால் மட்டும் திருகி விட்டால் எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் 194 கண்ணியின் இழுப்பில் மெல்லக் கழன்று, இடுக்கில் நூல் மாட்டிக்கொள்ளும்.

மூங்கில், மர ஊசிகள் புதுக் கைக்கு நல்லது, கண்ணி நழுவாது. ஆனால் கடலோரப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் அக்ரிலிக் நூல் மூங்கிலில் ஒட்டி ஒட்டி வரும்.

எதை வாங்கினாலும் கேபிளும் ஊசியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் நூலும் தட்டும். வரிசைக்கு 194 முறை தட்டும். சுருண்டுபோய் நிமிராத கேபிளை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து நேராகப் பிடித்தால் அடங்கிவிடும்.

குரோஷா கொக்கி 4.5 அல்லது 5 மி.மீ. இதில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. தொண்டைப் பகுதி கூர்மையாக வெட்டாமல் வழவழவென்று இருந்தால் போதும்.

இவற்றை வைத்துப் பின்னினால்

மாதிரித் துண்டு 30 கண்ணி, 36 வரிசை. துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். அகலத்தில் 18 கண்ணி, உயரத்தில் 24 வரிசை வரவேண்டும். 18க்குப் பதில் 20 வந்தால் கை இறுக்கம், 5.5 மி.மீ. முனைக்கு மாறுங்கள். இரண்டு கண்ணிதானே என்று விட்டால் 108 செ.மீ. போர்வை 97 செ.மீ. ஆகிவிடும்.

194 கண்ணி ஏற்றுங்கள். நீள்வால் முறையில் (நூலின் நீண்ட முனையையும் கண்டிலிருந்து வரும் நூலையும் சேர்த்து) ஏற்றுவதானால் மூன்றரை மீட்டர் வால் விட வேண்டும். 180ஆவது கண்ணியில் வால் தீர்ந்துபோகும் கொடுமை வேண்டாமென்றால், இரண்டு கண்டின் முனைகளை முடிச்சிட்டு ஒன்றை வாலாகவும் ஒன்றை நூலாகவும் வைத்து ஏற்றிவிட்டு, பிறகு முடிச்சை அவிழ்த்துவிடலாம்.

முதல் 10 வரிசை முத்துப் பின்னல்: ஒரு நிட் (முட்டில்லாமல் வழவழப்பாகத் தெரியும் கண்ணி), ஒரு பர்ல், அடுத்த வரிசையில் நிட் மேல் பர்ல், பர்ல் மேல் நிட். ஓரத்துக்கு எல்லா வரிசையும் நிட்டாகப் போடும் கார்ட்டரைப் பலர் போடுகிறார்கள். அது உயரத்தில் சுருங்கும் பின்னல்; நடுப்பகுதி 10 செ.மீ. வளரும்போது ஓரம் 8 செ.மீ. தான் வளரும், பக்கங்கள் இழுத்துப் பிடித்த மாதிரி வளையும். முத்துப் பின்னலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பிறகு நல்ல பக்க வரிசை: 7 கண்ணி முத்துப் பின்னல், அடுத்து 7 நிட், 1 பர்ல், 2 நிட், 1 பர்ல், 7 நிட் என்ற 18 கண்ணித் தொகுதி பத்து முறை, கடைசி 7 கண்ணி மறுபடி முத்து. உள்பக்க வரிசையில் ஓரத்து 7 கண்ணிகள் முத்தாகவே, நடுப்பகுதி மட்டும் தெரிகிறபடியே: நிட்டாகத் தெரிவதை நிட், பர்லாகத் தெரிவதை பர்ல். 18 கண்ணிக்கு ஒரு மார்க்கர் வளையம் மாட்டிவிட்டால் எண்ண வேண்டியதில்லை.

படுக்கைக் கோடு 24 வரிசைக்கு ஒரு சுற்று: பச்சை 10, மஞ்சள் 2, பச்சை 2, வெள்ளை 2, பச்சை 8. இப்படி 13 சுற்று, 312 வரிசை, 130 செ.மீ. முடிவில் மறுபடி 10 வரிசை முத்து. கோடுகள் இரட்டை வரிசையாக இருப்பதால் நூல் எப்போதும் கிளம்பிய ஓரத்துக்கே திரும்பி வரும். பச்சையை ஒருபோதும் வெட்டாதீர்கள். இரண்டு வரிசை உயரத்தை ஓரத்திலேயே ஏற்றிவிடலாம், இறுக்கி இழுக்காமல். மஞ்சளையும் வெள்ளையையும் ஒவ்வொரு முறையும் 15 செ.மீ. வால் விட்டு வெட்டுவதே சுத்தம். ஓரமாக ஏற்றிக்கொண்டு போனால் அடுத்த சுற்றுவரை 22 வரிசைக்கு வெள்ளை நூல் பச்சை ஓரத்தில் பல்லிளிக்கும். வெட்டினால் 52 வால் சேரும் என்பதும் உண்மை. ஒவ்வொரு கோடும் முடிந்த கையோடு அதே நிற வரிசைக்குள் செருகிவிடுங்கள். கடைசியில் மொத்தமாகச் செய்ய நினைத்தால் போர்வை மாதக்கணக்கில் கூடையிலேயே கிடக்கும்.

நிறம் மாறும் முதல் வரிசையில், பர்ல் கண்ணி இருக்கும் இடத்தில் பழைய நிறம் புள்ளியாக எட்டிப் பார்க்கும். தவறு என்று பிரித்துவிடாதீர்கள். மேலே சங்கிலி ஓடும்போது அந்தப் புள்ளி மறைந்துவிடும்.

நடுப்பகுதி மட்டும் 60,000 கண்ணிக்கு மேல். நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் கைக்கு 40 மணி நேரம்.

நாற்பது வரிசை தாண்டிய பிறகு பர்ல் விடவேண்டிய ஒரு கண்ணியில் நிட் போட்டிருப்பது தெரிந்தால் 194 கண்ணியையும் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, தப்பு நடந்த வரிசைவரை ஏணி மாதிரி அவிழ விடுங்கள். போர்வையைத் திருப்பி, உள்பக்கத்திலிருந்து கொக்கியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, ஏணிப் படி ஒவ்வொன்றையும் அதன் வழியாக இழுத்துக்கொண்டே மேலே ஏறுங்கள். உள்பக்கத்தில் நிட்டாக ஏறுவது நல்ல பக்கத்தில் பர்லாக நிற்கும்.

பின்னி முடித்ததும் சங்கிலிக்கு அவசரப்படாதீர்கள். முதலில் போர்வையை ஒரு முறை அலசிக் காயவையுங்கள். அலசிய பிறகு நீளம் கொஞ்சம் மாறும். அதற்கு முன்பே சங்கிலி போட்டால் துணி நீண்டு, சங்கிலி நீளாமல், திரைச்சீலை மாதிரி சுருக்கு விழும். காய்ந்ததும் நல்ல பக்கம் மேலே வரப் பரப்புங்கள். நூல் உள்பக்கத்தில், கொக்கி மேல்பக்கத்தில். பள்ளத்தின் அடியில் கொக்கியைக் குத்தி ஒரு வளையத்தை மேலே இழுங்கள். அடுத்த பர்ல் முட்டுக்கு மேலே குத்தி, இன்னொரு வளையத்தை இழுத்து, முதல் வளையத்துக்குள் நுழையுங்கள். இப்படியே மேலேறுங்கள். இரட்டைக் கோட்டில் ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. ஒரு கோட்டுக்குச் சுமார் 6 மீட்டர் நூல் போகும். மேல் கீழ் ஓரங்களில் பள்ளம் இல்லை. அங்கே கண்ணளவில் நேராகக் குத்திக்கொண்டு போனால் கோடு விளிம்புவரை சேரும்.

வரிசைக்கு ஒரு சங்கிலி போட்டுப் பாருங்கள். கோடு புழு மாதிரி வீங்கிக்கொண்டு துணியைத் தள்ளினால், ஒவ்வொரு நாலாவது வரிசையையும் தாண்டுங்கள். சுருங்கினால் வளையத்தை இன்னும் உயரமாக இழுங்கள். 20 செ.மீ. ஏறுவதற்கு ஒருமுறை தரையில் தட்டையாக விரித்துப் பார்ப்பது நல்லது. முழுக்கோடும் முடிந்த பிறகு தெரிந்தால், ஆறுதல் ஒன்று உண்டு: முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தச் சங்கிலியும் சரசரவென்று பிரிந்துவிடும். அடியில் உள்ள பின்னலுக்கு ஒன்றும் ஆகாது.

கொக்கி வேண்டாம் என்பவர்களுக்கு

தறியில் வரும் அந்த மூன்றாவது நிறம்தான் வேண்டும் என்றால் இரட்டை நூல் வழி இருக்கிறது. டி.கே. நூல் இரண்டு நிறம், எப்போதும் இரண்டு இழை சேர்த்து, 6.5 மி.மீ. ஊசி. கறுப்பும் கறுப்பும் சேர்த்தால் அடர் கட்டம், கறுப்பும் வெள்ளையும் சேர்த்தால் கலப்புக் கட்டம், வெள்ளையும் வெள்ளையும் சேர்த்தால் வெளிர் கட்டம். 14 கண்ணி ஏற்றி 28 வரிசை கார்ட்டர் போட்டால் 10 செ.மீ. சதுரம். நீளப் பட்டைகளாக 11 பின்ன வேண்டும், பட்டைக்கு 13 சதுரம். ஒற்றைப்படைப் பட்டைகளில் அடர், கலப்பு என்று மாறி மாறி; இரட்டைப்படைப் பட்டைகளில் கலப்பு, வெளிர். பிறகு பக்கவாட்டில் தைத்துச் சேர்க்க வேண்டும். அடர் நிறம் 700 கிராம், வெளிர் நிறம் 600 கிராம் வாங்குங்கள். நிட் கண்ணி மட்டும் தெரிந்தவரும் செய்துவிடலாம், பட்டை பட்டையாக பஸ்ஸிலும் பின்னலாம். ஆனால் போர்வை 1.2 கிலோ வரும். மலைக்குப் பொருந்தும், சமவெளியில் அலமாரியில்தான் இருக்கும்.

துவைப்பதில் ஒரு சில விஷயம். அக்ரிலிக் போர்வையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூடு பட்ட இடம் துவண்டு, பளபளத்து, துடைத்த துணி மாதிரி தொங்கும். ஆவியைக் காட்டினாலும் இரண்டு மூன்று செ.மீ. உயரத்திலேயே. கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர், பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி எடுக்க வேண்டும். எந்த நூலானாலும் கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நடுப்பகுதி நீண்டு, கட்டமெல்லாம் நீள்சதுரமாகிவிடும். நிழலில் கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போட்டால் மேலும் கீழும் காற்றோடி அரை நாளில் காயும். பாயில் போட்டால் மத்தியானம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.